வெண்மையைப் பேணுதல்

பழைய ஆய்வுக்கூடக் கையேடுகளைப் புரட்டும் பழக்கம் எனக்கு உண்டு. கோட்பாடு சொல்லும் அத்தியாயங்களை விட, கருவியை எங்கே வைப்பது, எதைக் கொண்டு துடைப்பது, எத்தனை நாளைக்கு ஒரு முறை சரிபார்ப்பது என்று பேசும் கடைசிப் பக்கங்களே என்னை ஈர்ப்பவை. ஒரு கருவி எங்கெங்கே பொய் சொல்லும் என்பது அந்தப் பக்கங்களில்தான் எழுதப்பட்டிருக்கும். நிறத்தை அளக்கும் கருவிகளின் வரலாற்றையும் அந்தப் பக்கங்களின் வழியாகவே எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

இவ்வரலாற்றை ஒரு மதுவடிப்பாளரிடமிருந்து தொடங்குவது வழக்கம். இங்கிலாந்தின் சாலிஸ்பரி நகரில் பீர் வடித்துக்கொண்டிருந்த ஜோசப் லவிபாண்டுக்கு ஒரு தொழில் சிக்கல் இருந்தது. பீரின் தரத்தை அதன் நிறம் காட்டிக்கொடுக்கும். ஆனால் இந்த வாரம் வடித்ததன் நிறத்தைச் சென்ற மாதம் வடித்ததோடு எப்படி ஒப்பிடுவது? நிறத்தை நினைவில் வைத்துக்கொள்ள மனிதனால் முடிவதில்லை. சாயமிட்ட நீர்மங்களைச் சீசாவில் அடைத்து ஒப்பிட்டுப் பார்த்தார், அவை வெளுத்துப்போயின. சாலிஸ்பரி பேராலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களைப் பார்த்தபோது, கண்ணாடியின் நிறம் நிலையானது என்ற எண்ணம் அவருக்கு உதித்ததாகச் சொல்வார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்று நிறங்களில், படிப்படியாக அடர்த்தி கூடும் கண்ணாடித் துண்டுகளை உருவாக்கினார். ஒரு குழாயின் வழியே ஒரு பக்கம் பீரையும் மறுபக்கம் கண்ணாடிகளையும் பார்த்து, இரண்டும் ஒன்றாகத் தெரியும்வரை கண்ணாடிகளை மாற்றுவது. பிறகு கண்ணாடிகளில் பொறித்திருக்கும் எண்களை எழுதிக்கொள்வது. அவ்வளவுதான். 1885இல் டின்டோமீட்டர் என்ற பெயரில் இதற்கென ஒரு நிறுவனமே தொடங்கினார்.

இது ஏதோ அயல்நாட்டுச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். நம் ஊர் எண்ணெய் வணிகத்தில் லவிபாண்டின் பெயர் இன்றும் புழங்குகிறது. கடலை எண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் அக்மார்க் தரம் சொல்லும்போது, மஞ்சள் அலகோடு சிவப்பு அலகின் ஐந்து மடங்கைக் கூட்டி நிறத்தைக் குறிப்பது அவருடைய அளவுகோலின்படிதான். பீருக்காகப் பிறந்த அளவுகோல் நம் தோசைக்கல் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

லவிபாண்டின் கருவியில் அளப்பது கண்தான். கண்ணாடி ஒரு துணை மட்டுமே. கண்ணாடியில் விரல்ரேகை படியக் கூடாது, எண்ணெய் ஊற்றும் குவளையைக் கரைப்பானால் கழுவ வேண்டும், பார்ப்பவருக்கு நிறக்குருடு இருக்கக் கூடாது, நெடுநேரம் பார்த்தால் கண் அயர்ந்துவிடும் என்பதால் இடையிடையே ஓய்வு வேண்டும் என்று பராமரிப்புக் குறிப்புகள் நீளும். அதாவது கருவியைப் போலவே கண்ணையும் பராமரிக்க வேண்டும்.

கண்ணை வெளியேற்றிவிட்டு நிறத்தை அளக்க முடியுமா என்பதே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கேள்வி. அதற்குக் கிடைத்த விடை விசித்திரமானது. கண்ணை வெளியேற்றுவதற்கு முன்பு, அதை ஒருமுறை முழுமையாக அளந்து எழுதி வைத்துவிட வேண்டும்! லண்டன் இம்பீரியல் கல்லூரியில் டேவிட் ரைட் என்ற இளைஞர் 1920களின் இறுதியில் பத்துப் பேரை உட்காரவைத்துச் சோதனை செய்தார். டெடிங்டனில் இருந்த தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஜான் கில்ட் ஏழு பேரை வைத்துத் தனியாக அதையே செய்தார். பார்வைப் புலம் இரண்டு பாகை. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் அடைக்கும் அகலத்தைப் போன்றது. அதன் ஒரு பாதியில் நிறமாலையின் ஒரு நிறம். மறுபாதியில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளின் கலவை. இரண்டும் ஒன்றாகும்வரை கலவையைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

இருவரின் கருவிகளும் வேறு, அடிப்படை ஒளிகளும் வேறு. இருந்தும் முடிவுகள் நெருக்கமாகப் பொருந்தின. 1931 செப்டம்பரில் கேம்பிரிட்ஜில் கூடிய சர்வதேச ஒளியியல் ஆணையம் அந்தப் பதினேழு பேரின் கண்களைக் கலந்து, 'நியம நோக்கர்' என்ற இல்லாத மனிதர் ஒருவரை உருவாக்கியது. 1964இல் பத்துப் பாகைப் புலத்துக்கு, இன்னும் அதிகமான பேரைச் சோதித்து, மற்றொரு நோக்கர் பிறந்தார். இன்று ஆய்வுக்கூடங்களில் இருக்கும் எந்த நிற அளவுக் கருவிக்குள்ளும் இந்த இருவரில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். இயந்திரம் சொல்கிறது என்று நாம் சொல்வதெல்லாம் அவர்கள் கண்டு சொல்வதே.

இந்த அடிப்படையையே ஒப்புக்கொள்ளாத ஒருவர் நம்மிடையே இருந்தார். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன், தம் இறுதி ஆண்டுகளில் பார்வையின் இயல்பைப் பற்றி ஆராய்ந்து 1968இல் ஒரு முழு நூலே வெளியிட்டார். மூன்று அடிப்படை நிறங்களைக் கொண்டு பார்வையை விளக்கும் கோட்பாட்டை அதில் அவர் மறுத்தார். அறிவியல் உலகம் அவர் பக்கம் சாயவில்லை. விழித்திரையின் கூம்புச் செல்கள் மூன்று வகைப்பட்டவை என்பதற்கு நேரடிச் சான்றுகள் அதற்குள் வந்துவிட்டன. ஆயினும் எண்பதை நெருங்கும் வயதில், நோபல் பரிசுக்குப் பிறகும், ஒரு ரோஜாவைத் தம் கண்ணால் பார்த்து அதன் நிறத்தைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருந்த மனிதரை என்னால் எளிதில் ஒதுக்க முடிவதில்லை.

நியம நோக்கர் வந்த பிறகும் அளவீடு எளிதாகிவிடவில்லை. ஒரு துணியின் நிறமாலை வளைவை வரைய, ஒருவர் இருட்டறையில் அமர்ந்து, ஒவ்வோர் அலைநீளத்திலும் இரு ஒளிப்புலங்களைக் கண்ணால் சமன்செய்து எண்களைக் குறிக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆர்தர் ஹார்டி இதற்குத் தானியங்கிக் கருவி ஒன்றைக் கட்டினார். ஒரே ஒளிக்கற்றையைப் பிரித்து, ஒன்றை மாதிரியின் மீதும் மற்றொன்றை வெண்மை நியமத்தின் மீதும் மாறி மாறி விழச் செய்வது. இரண்டும் சமமாகும்வரை ஒளிமின்கலத்தின் உதவியால் ஒரு மோட்டார் முனைவாக்கப் பட்டகத்தைச் சுழற்றும். உருளையில் சுற்றிய தாளில் பேனா 400 முதல் 700 நானோமீட்டர் வரை வளைவைத் தானே வரைந்துவிடும். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1935 முதல் இதைத் தயாரித்து விற்றது. மணிக்கணக்கான வேலை சில நிமிடங்களில் முடிந்தது. ஹார்டியின் குழு 1936இல் வெளியிட்ட நிற அளவியல் கையேடு ஒரு தலைமுறைக்கே பாடநூலாக விளங்கியது.

கண் வெளியேறிய அந்த இடத்தில்தான் வெண்மை வந்து உட்கார்ந்தது. இது என்னை நெடுநாளாக வியக்கவைக்கும் விஷயம். ஹார்டியின் கருவி எதையும் தனித்து அளப்பதில்லை. வெள்ளையோடு ஒப்பிட்டே அளக்கிறது. ஆகவே அந்த வெள்ளை எது என்பதே முதல் கேள்வி. 1931இல் ஆணையம் தேர்ந்தது மக்னீசியம் ஆக்சைடை. அது கடையில் வாங்கும் பொருளன்று. மக்னீசிய நாடாவைக் கொளுத்தி, கண்ணைக் கூசவைக்கும் அந்தச் சுடரிலிருந்து எழும் வெண்புகையை ஒரு தகட்டின் மீது படியவைக்க வேண்டும். நாடா தீரத் தீர இன்னொன்று. அடியிலுள்ள தகடு தெரியாத தடிமன் வரும்வரை புகை பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒளியைச் சிதறடித்துச் சேர்க்கும் கோளத்தின் உட்சுவருக்கும் அதே புகைதான் பூச்சு.

இவ்வளவு பாடுபட்டு உண்டாக்கிய வெண்மையை விரலால் தொட்டால் உதிர்ந்துவிடும். காற்றின் ஈரத்தையும் கரியமில வாயுவையும் உறிஞ்சும். நாள்பட மஞ்சளாகும். ஆகவே மீண்டும் நாடா, மீண்டும் புகை. உலகின் நிறங்களையெல்லாம் எண்ணாக்கிய கருவிகள் நெடுங்காலம் இந்தப் புகையின் மீதே நின்றன. பிறகு பேரியம் சல்பேட்டுத் தூளை அழுத்தி வில்லைகளாக்கினார்கள்; டெஃப்லான் வகைப் பொருளின் தூளை அழுத்தினார்கள். 1969 ஜனவரி 1 முதல் ஆணையம் மக்னீசியம் ஆக்சைடைக் கைவிட்டு, விழும் ஒளி முழுவதையும் எல்லாத் திசைகளிலும் சமமாகச் சிதறடிக்கும் 'முழுநிறைச் சிதறி' ஒன்றை நியமமாக அறிவித்தது. அப்படி ஒரு பொருள் உலகில் கிடையாது. இல்லாத நோக்கருக்கு இல்லாத வெள்ளை! கையில் இருக்கும் பீங்கான் ஓடுகள் அந்த இலட்சிய வெண்மையிலிருந்து எவ்வளவு தாழ்ந்தவை என்பதை எண்களாகக் குறித்துக் கருவிக்குள் எழுதிவைக்கிறார்கள். ஒவ்வோர் ஓட்டுக்கும் அதன் எண்கள் தனி. ஓட்டின் பின்புறம் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணும், கருவியில் பதிந்திருக்கும் எண்ணும் ஒன்றாக இருந்தாக வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் பெருமைக்குரியதல்ல. தொண்ணூறுகளின் இறுதியில் கொங்குப் பகுதியில் ஒரு சாயப்பட்டறையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். வெளிர் தந்த நிறத்தில் ஒரு பெரிய லாட். இரண்டு மாதங்களுக்கு முன்பு அளந்து சேமித்திருந்த எண்களே அதற்கு இலக்கு. மாதிரித் துண்டை அளந்தால் மஞ்சள் குறைவு என்று கருவி காட்டியது. டையிங் மாஸ்டர் அதை ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"தம்பி, மஞ்சள் சரியாத்தான் இருக்கு. இதுக்கு மேல போட்டா ஏறிடும்."

"மெஷின் கம்மின்னு காட்டுதுங்கண்ணா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மஞ்சளைக் கூட்டினார். துணி வாங்குபவரிடமிருந்து திரும்பி வந்தது, மஞ்சள் மிகுதி என்ற குறிப்போடு. பழி மாஸ்டர் மீது விழுந்தது. இயந்திரம் சரியாகச் சொன்னது, ஆள் கைபிசகிவிட்டார் என்று முதலாளி முடிவு செய்தார். அந்த மாதச் சம்பளத்தில் பிடித்தம். துணியை வேறு வழியின்றிக் கறுப்பில் போட்டார்கள்.

பல நாட்கள் கழித்தே ஓட்டைத் திருப்பிப் பார்த்தேன். எண் வேறு. இரவுப் பணியில் யாரோ அசல் ஓட்டைக் கீழே போட்டு உடைத்துவிட்டு, மூலையில் கிடந்த பழைய கருவியின் ஓட்டை எடுத்து வைத்திருக்கிறார்கள். அது சற்றே மஞ்சளாகிப்போன ஓடு. ஆனால் கருவியோ உடைந்த ஓட்டின் எண்களை நம்பி, மஞ்சளானதையே வெள்ளை என்று கொண்டு தன் அளவுகோலை அமைத்துக்கொண்டது. எனவே அதன் கணக்கில் எல்லாத் துணியும் சற்று நீலம் கூடியதாக, மஞ்சள் குறைந்ததாகத் தெரிந்தது. இலக்கையும் மாதிரியையும் அதே ஓட்டை வைத்து அளந்திருந்தால் பிழை பெரும்பாலும் கழிந்துபோயிருக்கும். இலக்கோ பழைய ஓட்டின் காலத்தது. தினமும் காலையில் அந்த ஓட்டை வைத்துப் பொத்தானை அழுத்தியவன் நான்தான். ஒருநாளும் பின்புறத்தைப் பார்த்ததில்லை. முதலாளியிடம் சொன்னேன். பிடித்தம் திரும்பக் கிடைத்தது. மாஸ்டரைப் பற்றி அந்த வளாகத்தில் பரவிய பேச்சு திரும்பவில்லை.

வெள்ளை ஓடு ஒன்றை மட்டும் நம்பக் கூடாது என்பதை முன்னோடிகள் முன்பே அறிந்திருந்தார்கள். பிரிட்டனின் பீங்கான் ஆராய்ச்சிச் சங்கம் உருவாக்கிய பன்னிரண்டு ஓடுகளின் தொகுதி அதற்காகவே வந்தது: சாம்பல் நான்கு, மற்றவை சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, நீலம் என்று. கருவியை வெள்ளையில் நிறுத்திய பிறகு, நாள்தோறும் பச்சை ஓட்டை அளந்து, முதல் நாள் எண்ணோடு எவ்வளவு விலகியிருக்கிறது என்று குறிக்க வேண்டும். எங்கள் ஆய்வுக்கூடத்திலும் அப்படி ஒரு பச்சை ஓடு இருந்தது, பெட்டியைத் திறக்காமல். பருத்தியின் நிறத்துக்கும் இதே ஏற்பாடுதான். அமெரிக்க வேளாண் துறையில் 1927இல் சேர்ந்த டாரதி நிக்கர்சன் என்ற அம்மையார் பருத்தி நிறத்தை அளக்கும் முறையை ரிச்சர்ட் ஹண்டரோடு சேர்ந்து வகுத்தார். நம் நூற்பாலைகளில் பஞ்சுக்குச் சொல்லும் ஆர்.டி., பிளஸ் பி என்ற இரு எண்களும் அவ்வழி வந்தவை. அந்த இயந்திரங்களையும் ஐந்து ஓடுகளைக் காட்டித்தான் நேராக்குகிறார்கள்.

ஓடுகளுக்கும் குணங்கள் உண்டு. சிவப்பும் ஆரஞ்சும் வெப்பம் கூடினால் நிறம் மாறும். வெயில் படும் மேசையில் வைத்து எடுத்தால் வேறு எண் வரும். இஸ்திரிச் சூட்டோடு துணியை அளப்பதும் இதே தவறு. விளக்கை மாற்றும்போது குமிழை வெறும் விரலால் தொடக் கூடாது. தோலின் எண்ணெய் சூட்டில் குவார்ட்சைக் கெடுக்கும். புதிய விளக்கைச் சில மணி நேரம் எரியவிட்ட பிறகே அளவுகோலை மீண்டும் அமைக்க வேண்டும். கோளத்தின் உட்புறத்தைத் துணியால் துடைக்கவே கூடாது. அலைநீளம் நகர்ந்துவிட்டதா என்று பார்க்க ஹோல்மியம் அல்லது டிடிமியம் கண்ணாடி இருக்கிறது. அவற்றின் கூர்மையான உறிஞ்சுகோடுகள் இடம் மாறுவதில்லை. இருளையும் அளந்தாக வேண்டும்: கறுப்பு வெல்வெட்டோ ஒளியை விழுங்கும் பொறியோ வைத்துச் சுழியத்தை நிறுத்துகிறார்கள்.

உடைந்ததற்குப் பதிலாகப் புதிய ஓடு சான்றிதழோடு வந்தபோது, மாஸ்டரை அழைத்துக் காட்டினேன். பின்புறத்து எண்ணை அவரே உரக்கப் படித்தார்; நான் திரையில் ஒப்பிட்டேன். பிறகு ஓட்டை ஜன்னலுக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"இதுவும் சுத்த வெள்ளை இல்லையே தம்பி."

சான்றிதழிலும் அப்படித்தான் இருந்தது. 400 முதல் 700 வரை எந்த அலைநீளத்திலும் நூறு என்ற எண் இல்லை.