புதிய மீன் தொட்டி: முதல் ஆறு வாரங்களில் மீன்களைக் காப்பது எப்படி?

வீட்டில் மீன் வளர்க்க விரும்பும் பலர் தொட்டி, மீன், உணவு மூன்றையும் ஒரே நாளில் வாங்கிவிடுகின்றனர். முதல் இரண்டு நாள்கள் மீன்கள் சுறுசுறுப்பாக நீந்தும். ஒரு வாரம் கழிவதற்குள் ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கும். தண்ணீரோ தெளிவாகவே இருக்கும்.

பெரும்பாலும் குறை மீனில் இல்லை. கழிவைச் சுத்திகரிக்கும் நுண்ணுயிர்கள் புதிய தொட்டியில் இன்னும் குடியேறாததே காரணம். தொட்டியை முதலில் அவற்றுக்காகத் தயார்செய்தால் மீன்கள் பிழைக்கும்.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

மீன்கள் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. மிஞ்சிய உணவு அழுகினாலும் அம்மோனியா உண்டாகும். அது செவுளைப் பாதித்து மீனை மூச்சுத் திணற வைக்கும்.

வடிகட்டிப் பஞ்சிலும் கற்களிலும் ஒட்டி வாழும் ஒருவகை பாக்டீரியா, அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் ஆபத்தானதே, ரத்தம் ஆக்சிஜனைச் சுமந்து செல்வதை அது தடுக்கும். மற்றொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் குறைந்த அளவில் மீன்களைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. வாரந்தோறும் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் அது கட்டுக்குள் இருக்கும்.

வயல் மண்ணில் எருவைப் பயிருக்கு ஏற்றதாக மாற்றுவதும் இதே இன பாக்டீரியாதான். ரஷ்ய அறிவியலாளர் செர்கெய் வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டு இவற்றைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தார். இவை மெதுவாகவே பெருகும். அதனால் தொட்டி நிலைபெறப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் பிடிக்கும்.

வாளியில் பிடித்து வைத்தால் போதாது

குழாய் நீரை ஓரிரவு வாளியில் வைத்திருந்து தொட்டியில் ஊற்றும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. வெறும் குளோரின் கலந்த நீருக்கு அது பொருந்தும். ஆனால், சிங்கப்பூர்க் குழாய் நீரில் கிருமிகளைக் கட்டுப்படுத்தக் குளோரமைன் சேர்க்கப்படுகிறது. குளோரினும் அம்மோனியாவும் இணைந்த இப்பொருள் எளிதில் ஆவியாகாது. மனிதர்கள் குடிப்பதற்குப் பாதுகாப்பான அந்நீர், மீனின் செவுளுக்கு ஆகாது.

எனவே, ஒவ்வொரு முறை தண்ணீர் ஊற்றும்போதும் கடைகளில் ‘ஆன்ட்டி குளோரின்’ என விற்கப்படும் மருந்தைச் சேர்க்க வேண்டும். சாதாரண வகை, குளோரமைனை உடைத்துவிட்டு அதிலுள்ள அம்மோனியாவை நீரிலேயே விட்டுவிடும். புதிய தொட்டிக்கு, அம்மோனியாவையும் கட்டுப்படுத்தும் வகையா என்று புட்டியில் பார்த்து வாங்குவது நல்லது.

தொட்டி எத்தனை லிட்டர் கொள்ளும் என்பதைக் கணக்கிட, நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1,000ஆல் வகுக்கலாம். 60 x 30 x 36 செ.மீ. தொட்டி ஏறக்குறைய 65 லிட்டர்.

மீன் இல்லாமல் தொடங்குதல்

மீன்களுக்குத் துன்பம் தராத வழி இதுவே. வடிகட்டியை ஓடவிட்டு, வாசனைப் பொருள் எதுவும் கலக்காத அம்மோனியா கரைசலைச் சேர்த்து, அதன் அளவை லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கொண்டுவர வேண்டும். சொட்டு மருந்துப் பரிசோதனைப் பெட்டி கொண்டு அம்மோனியா, நைட்ரைட் அளவுகளை அடிக்கடி பார்க்கலாம். சேர்த்த அம்மோனியாவும் அதிலிருந்து உண்டான நைட்ரைட்டும் 24 மணி நேரத்தில் பூஜ்ஜியத்துக்கு இறங்கினால் தொட்டி தயார். தண்ணீரில் பெரும்பகுதியை மாற்றிவிட்டு மீன்களை விடலாம்.

நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டு வாங்கிப் போட்டால் காலம் வெகுவாகக் குறையும். அது காயாமல், தொட்டி நீரிலேயே வைத்து எடுத்துவர வேண்டும்.

மீன் இல்லாத தொட்டியில் ஏடிஸ் கொசு முட்டையிடக்கூடும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரமே போதும். அதனால் தொட்டியை நுண்ணிய வலையால் மூடி, நீரை ஓட்டத்திலேயே வைத்திருப்பது அவசியம்.

மீன் ஏற்கெனவே உள்ளே இருந்தால்

• 60 லிட்டர் தொட்டியில் மூன்று, நான்கு சிறிய மீன்கள் போதும். தங்கமீன் அதிகக் கழிவு விடும், தொடக்கத்துக்கு ஏற்றதன்று.

• நாளுக்கு ஒருமுறை, ஓரிரு நிமிடங்களில் தின்று தீர்க்கும் அளவே உணவு தர வேண்டும்.

• அம்மோனியாவோ நைட்ரைட்டோ லிட்டருக்கு 0.25 மில்லிகிராமைத் தாண்டினால், மருந்திட்ட புதிய நீரைக் கொண்டு கால் பங்கு முதல் பாதி வரை மாற்ற வேண்டும்.

• வடிகட்டியை இரவில் நிறுத்தக்கூடாது. பஞ்சைக் குழாயடியில் கழுவினால் நல்ல பாக்டீரியா அழியும்; தொட்டியிலிருந்து எடுத்த நீரில் லேசாக அலசினால் போதும்.

நம் வெப்பநிலையில் பாக்டீரியா நன்றாக வளரும் என்பது சாதகம். ஆனால், வெதுவெதுப்பான நீரில் ஆக்சிஜன் குறைவு. வெப்பமும் பிஎச் அளவும் கூடும்போது அம்மோனியாவின் கடுமையும் கூடும். பிஎச் 7இலிருந்து 8க்கு ஏறினால் நச்சு வடிவிலுள்ள அம்மோனியா ஏறக்குறைய பத்து மடங்காகிறது.

ஆபத்தின் அறிகுறிகள்

மீன்கள் நீர்மட்டத்தில் வாய் பிளந்து மூச்சு வாங்குவது, செவுள் சிவப்பது, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு ஓரமாகக் கிடப்பது, உணவை ஒதுக்குவது ஆகியவை எச்சரிக்கைகள். சண்டை மீன் இயல்பாகவே மேலே வந்து காற்றை விழுங்கும் என்பதால் அதைக் கண்டு பதற வேண்டாம்.

அறிகுறி தெரிந்தால் உடனே பாதி நீரை மாற்றி, காற்றுக் குமிழியைக் கூட்டி, ஓரிரு நாள் உணவை நிறுத்த வேண்டும். ஆரோக்கியமான மீனுக்கு அந்தப் பட்டினி தீங்கு செய்யாது.

பேட்டையில் கொசுப் புகை அடிக்கும்போது தொட்டியை மூடி, அறைக் காற்றை இழுக்கும் காற்றுக் குழாயைச் சிறிது நேரம் நிறுத்துவது நல்லது. கொசு மருந்துகள் பலவற்றில் உள்ள பைரித்ராய்டு மீன்களுக்குக் கடும் நஞ்சு.

வளர்க்க முடியவில்லை என்றால் மீன்களை நீர்த்தேக்கத்திலோ கால்வாயிலோ விடக்கூடாது. அது உள்ளூர் உயிரினங்களைப் பாதிக்கும், சட்டப்படி குற்றமும்கூட. வாங்கிய கடையில் திரும்ப எடுத்துக்கொள்வார்களா எனக் கேட்கலாம், அல்லது தொட்டி நிலைபெற்ற வேறொரு வீட்டுக்குக் கொடுக்கலாம்.