நிப்பைக் கழற்றிய பின்: மோன்பிளாங் 149-உம் லாமி ஆல்ஸ்டாரும்

மைப் பேனாவில் எழுதிப் பழகிய கைக்கு டேப்லெட்டோடு வரும் எழுதுகோல் எளிதில் ஒட்டுவதில்லை. பென்சில்போல மெலிந்திருக்கும், வழுக்கும். நம் பேனாவையே இந்தத் திரையில் எழுதவைத்தால் என்ன என்ற யோசனை அங்கிருந்துதான் கிளம்புகிறது. செய்யலாம். ஆனால் பேனாவின் விலை ஏற ஏற இந்த வேலை கடினமாகிறது, அர்த்தமும் குறைகிறது என்பது என் கட்சி. ஜெர்மனியின் இரண்டு பேனாக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அது விளங்கும். ஒன்று ஹாம்பர்க்கின் மோன்பிளாங் மைஸ்டர்ஷ்டுக் 149. மற்றது ஹைடல்பெர்க்கின் லாமி ஆல்ஸ்டார். முன்னதன் விலைக்குப் பின்னதை ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்கே வாங்கிக் கொடுத்துவிடலாம்.

149 வெளிவந்தது 1952-இல். கறுப்பு ரெசின் உடம்பு, மூடியின் தலையில் வெள்ளை நட்சத்திரம், 18 காரட் தங்க நிப்பு. அந்த நிப்பில் பொறித்திருக்கும் 4810 என்ற எண், மோன்பிளாங் சிகரத்தின் உயரத்தை மீட்டரில் சொல்வது. கொடுக்கும் பணத்தில் பெயருக்கும் பெருமைக்கும் ஒரு பங்கு போகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் எழுதுகிறவர் அனுபவிப்பதெல்லாம் நிப்பைத்தான். அதன் நுனியில் உருக்கி ஒட்டிய கெட்டி உலோகக் குண்டு, நடுவில் மயிரிழைப் பிளவு, கீழே மையையும் காற்றையும் மாற்றி மாற்றி விடும் நாக்கு. நுண்புழை ஈர்ப்பால் மை நுனிவரை வந்து காத்திருக்கிறது. தாள் பட்டாலே போதும், கோடு விழும். அழுத்தவே வேண்டாம்.

ஆல்ஸ்டாருக்கு இப்படிப்பட்ட கௌரவம் ஏதுமில்லை. லாமி 1980-இல் பள்ளி மாணவர்களுக்கென்று கொண்டுவந்த சஃபாரியின் அலுமினிய உடன்பிறப்பு இது. சஃபாரியை வடிவமைத்தவர் வோல்ஃப்காங் ஃபாபியன். விரல்கள் தானாக இடம் பிடித்துக்கொள்ளும்படி முக்கோணமாகச் சரித்த கழுத்து, முன்னால் இழுத்தால் கையோடு வந்துவிடும் எஃகு நிப்பு, உள்ளே ஒரு கார்ட்ரிட்ஜ். அவ்வளவுதான்.

இனித் திரைக்கு வருவோம். சாம்சங்கின் டேப் எஸ் வரிசை, ரிமார்க்கபிள் 2, சூப்பர்நோட் போன்றவை ஜப்பானின் வாக்கொம் நிறுவனம் வளர்த்த ஈஎம்ஆர் முறையைப் பின்பற்றுகின்றன. திரைக்கு அடியில் கம்பிச்சுருள்களின் வலை ஒன்று படிந்திருக்கிறது. அது எழுப்பும் மாறுகாந்தப்புலத்திலிருந்து பேனாவுக்குள் இருக்கும் சின்னச் சுருளும் மின்தேக்கியும் ஆற்றலை வாங்கி, ஒத்ததிர்ந்து, திருப்பி அனுப்புகின்றன. எந்தச் சுருளில் பதில் எவ்வளவு வலுவாகக் கேட்கிறது என்பதைக் கொண்டு நுனி நிற்கும் இடம் கணக்காகிறது. அழுத்தினால் அதிர்வெண் சற்று நகரும். அதுவே அழுத்தத்தின் அளவு. பேட்டரி கிடையாது. பேனாவுக்குள் போக வேண்டியது ஒரு மெல்லிய குழல் மட்டுமே.

அந்தக் குழலுக்கு இடம் எங்கே என்று தேடும்போதுதான் இரண்டு பேனாக்களும் பிரிகின்றன. கார்ட்ரிட்ஜை எடுத்துவிட்டால் ஆல்ஸ்டாரின் வயிறு காலி. நிப்பு இருந்த இடத்தில் நுனி வெளியே எட்டிப் பார்த்தால் வேலை முடிந்தது. உலோகம் சுருளைச் சூழ்ந்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழுந்து சைகையைத் தின்றுவிடும் என்ற ஆபத்தும் இங்கே குறைவு. உடம்புதான் அலுமினியம், நுனியை ஒட்டிய கழுத்து பிளாஸ்டிக். லாமியே வாக்கொம் நுட்பத்தோடு ஆல்ஸ்டாரை ஈஎம்ஆர் பேனாவாக விற்பதில் வியப்பில்லை.

149-இல் காலி இடமே கிடையாது. பேனாவின் உடம்புதான் மைத்தொட்டி. பின்குமிழைத் திருகினால் உள்ளே பிஸ்டன் ஏறி இறங்கும். குழலை நுழைக்க முன்னால் நிப்பையும் நாக்கையும் கழற்ற வேண்டும், பின்னால் பிஸ்டனை உருவ வேண்டும். எதற்காகப் பணம் கொடுத்தோமோ அதையெல்லாம் மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு ரெசின் கூட்டை மட்டும் பிடித்து எழுதுவதா?

மோன்பிளாங்கின் நடத்தையும் இதற்குச் சாட்சி. 2014-இல் சாம்சங்கோடு சேர்ந்து கேலக்ஸி நோட் 4-க்கு எழுதுகோல் செய்தபோது அது தொட்டது ஸ்டார்வாக்கர், பிக்ஸ் பெயர்களைத்தான், 149-ஐ அல்ல. 2016-இல் வந்த ஆக்மென்டட் பேப்பர் இன்னும் சுவாரசியமானது. நிஜத் தாளில் ஸ்டார்வாக்கர் பால்பாயின்ட் நிஜ மையால் எழுதும். தாளுக்கு அடியில் இருக்கும் பலகை அதைப் படித்து டிஜிட்டலாக்கும். பேனாவைத் திரைக்கு ஏற்ப வளைக்காமல் திரையைத் தாளுக்குக் கீழே தள்ளிய அந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, மைப் பேனா அங்கேயும் வெளியே நின்றாலும். 2025-இன் டிஜிட்டல் பேப்பர் கருவிக்கு மைஸ்டர்ஷ்டுக் சாயலில் ஒரு பேனா வந்தது. அது பிறக்கும்போதே டிஜிட்டல்.

149-க்காகவும் ஒரு வார்த்தை பேச வேண்டும். அதன் பருமன் ஏறத்தாழ 15 மி.மீ.; ஆப்பிள் பென்சிலோ 8.9 மி.மீ. நீண்ட நேரம் எழுதும்போது விரல்களை இறுக்கவிடாத அந்தப் பருமனைத் திரைக்குக் கொண்டுவர முடிந்தால் லாபம்தான். ஆனால் அதற்கு 149 தேவையில்லை, தடித்த பிளாஸ்டிக் பேனா ஒன்று போதும்.

எழுதிப் பார்த்தால் மைப் பேனாவுக்கும் திரைப் பேனாவுக்கும் உள்ள தூரத்தைத் தமிழ்தான் சட்டென்று காட்டிக்கொடுக்கிறது. ழவும் ஞவும் சுழிகளும் கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். இடறுவது புள்ளி. மைப் பேனாவில் க், த், ல் என்று போகிற போக்கில் நுனியைத் தொட்டு எடுத்தால் புள்ளி விழுந்திருக்கும். ஈஎம்ஆர் நுனியோ எழுதத் தொடங்கவே கொஞ்சம் அழுத்தம் கேட்கும். மெல்லத் தொட்டால் சில புள்ளிகள் விட்டுப்போகும், 'பக்கம்' 'பககம' ஆகும். கை வலுவாகக் குத்தக் கற்றுக்கொள்கிறது. பிறகு அதே கையோடு 149-க்குத் திரும்பினால் தங்க நிப்புக்கு அது நல்லதல்ல. தேய்மானமும் வேறு. முறையாகப் பேணினால் நல்ல நிப்பு ஓர் ஆயுள் வரும். திரைப் பேனாவின் பிளாஸ்டிக் நுனி தேயத் தேய, இடுக்கியால் பிடுங்கி வேறொன்று செருக வேண்டும்.

இவ்வளவும் ஈஎம்ஆர் திரை வைத்திருப்பவருக்கு. ஐபேட் இந்தச் சுருள்களுக்குச் செவி சாய்க்காது. ஆப்பிள் பென்சில் பேட்டரியோடு தானே சைகை அனுப்பும் வேறு சாதி, அதன் உள்ளுறுப்புகளைப் பேனாவுக்குள் மாற்றிவைப்பது வீட்டு வேலையல்ல. மிஞ்சுவது மின்சாரம் கடத்தும் ரப்பர் நுனியைப் பேனாவில் மாட்டுவது. திரைக்கு அது ஒரு விரல், அவ்வளவே. அழுத்தத்தை அறியாது, ஊன்றிய உள்ளங்கையையும் பேனாவையும் பிரித்துப் பார்க்காது. கையெழுத்துப் போட அது போதும், கட்டுரை எழுத உதவாது.