மலிவுச் செயலிகளும் அவற்றின் பீடங்களும்

தொண்ணூறுகளின் நடுவில் மேசைக் கணினிகளுக்கு வாய்த்திருந்த சாக்கெட் 7 என்னும் பீடம் ஒருவிதத்தில் பொதுச்சொத்தாகவே விளங்கிற்று. இன்டெலின் பென்டியம், ஏ.எம்.டி.யின் கே6, சைரிக்ஸின் 6எக்ஸ்86 ஆகிய மூன்றும் அதில் அமரக்கூடியனவாக இருந்தமையால், சொற்பப் பணமுடையவரும் யார் சகாயமாகத் தருகிறாரோ அவரிடம் செயலி வாங்கும் சுதந்திரம் பெற்றிருந்தார்.

1997-இல் பென்டியம் 2 வந்தபோது இன்டெல் அந்தப் பீடத்தைத் துறந்தது. இரண்டாம் நிலை கேஷ் நினைவகத்தைத் தனிச் சில்லுகளாகச் செயலியோடு ஒரே அட்டையில் பதித்து, ஸ்லாட் 1 என்னும் நீண்ட பொருத்துவாயில் செருகச் செய்த அந்த ஏற்பாட்டைக் காப்புரிமையும் அரண்செய்து நின்றதால், போட்டியாளர்கள் வெளியே நிறுத்தப்பட்டனர். ஏ.எம்.டி.யோ பழைய பீடத்தையே 100 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸுக்கு உயர்த்தி, 1998-இல் கே6-2 செயலியை அதில் அமர்த்தியது.

அவ்வாண்டு ஏப்ரலில் இன்டெல் வெளியிட்ட மலிவுச் செயலியான முதல் செலரான், இரண்டாம் நிலை கேஷ் அறவே நீக்கப்பட்டதாதலின், அலுவலக வேலைகளில் பரிதாபமாகப் பின்தங்கியது. ஏழை வாங்குவோனுக்கு எதுவும் போதும் என்ற எண்ணத்தின் விளைவு அது என்றே நான் கருதுகிறேன். ஆனால் ஆகஸ்டில் வந்த செலரான் 300ஏ அந்த அபகீர்த்தியைத் துடைத்தது. அதன் கேஷ் 128 கிலோபைட்டே ஆயினும், செயலிச் சில்லுக்குள்ளேயே அமைந்து முழு வேகத்தில் இயங்கியமையால், பாதி வேகத்தில் ஓடிய 512 கிலோபைட் கேஷ் கொண்ட பென்டியம் 2-க்குப் பல வேலைகளில் ஈடுகொடுத்தது. பஸ்ஸை 66-லிருந்து 100-க்கு ஏற்றி அதை 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டிய ஆர்வலர்கள் அநேகர். கேஷ் உள்ளே போனபின் அட்டைக்கு அவசியமில்லாது போயிற்று; 1999-இல் சாக்கெட் 370 பிறந்ததற்குக் காரணம் இதுவே.

எனினும் அந்தப் பீடம் பெயரளவில்தான் ஒன்றாக இருந்தது. துளைகளின் எண்ணிக்கை மாறாவிடினும், பின்வந்த காப்பர்மைன், டுவாலட்டின் செயலிகளைப் பழைய மதர்போர்டுகளிற் பல ஏற்க மறுத்தன.

2000 ஜூனில் ஏ.எம்.டி., 462 துளைகள் கொண்ட சாக்கெட் ஏ-யில் டியூரான் என்னும் மலிவுச் செயலியை இறக்கியது. முதல் நிலையில் 128, இரண்டாம் நிலையில் 64 கிலோபைட் கேஷ். ஒன்றில் உள்ளது மற்றதில் திரும்பாத அமைப்பு. ஒவ்வொரு துடிப்பிலும் இருமுறை தரவு கடத்தும் 100 மெகாஹெர்ட்ஸ் பஸ். செலரானோ அடுத்த ஆண்டு பிறக்கும்வரை 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸிலேயே கட்டுண்டு, வாய்க்காலில் நீர்வரத்துக் குறைந்த வயலைப்போல் வாடிற்று; சம மெகாஹெர்ட்ஸில் டியூரான் அதனைத் தெளிவாக வென்றது.

ஏ.எம்.டி.யின் விலை உயர்ந்த அத்லானும் இதே சாக்கெட் ஏ-யில்தான் அமர்ந்தது. 2004-இல் வந்த முதல் செம்பிரான் மலிவுச் செயலிகளிற் பெரும்பாலானவற்றுக்கும் இதுவே பீடம். மலிவுச் செயலி வாங்கியவரை மட்டமாக நடத்தாத பீடங்களில், சாக்கெட் 7-க்குப் பின் முதலிடம் சாக்கெட் ஏ-க்கே உரியது.