மட்டக்களப்புப் பறங்கியர் இசையும் அதன் பதிவு வரலாறும்

மட்டக்களப்பு நாட்டுக் காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் (1892–1947) பல்லாண்டு உழைத்து இயற்றிய யாழ் நூல், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக 1947ஆம் ஆண்டில் வெளிவந்தது. அத்தகைய பெருநூல் ஏன் வேண்டப்பட்டது என எண்ணிப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலனாகும். சிலப்பதிகாரம் அழியாதிருந்தது. அடியார்க்குநல்லார் உரையும் இருந்தது. யாழின் வகைகளுக்கும் உறுப்புகளுக்கும் நரம்புகளுக்கும் பெயர்கள் இருந்தன. யாழை மீட்டிய விரல் மட்டுமே இல்லாதொழிந்தது. ஏட்டில் எழுதிய சொல் நிலைத்தது. ஆசிரியன் கையிலிருந்து மாணாக்கன் கைக்குச் சென்ற வித்தை இடையில் அறுந்தது. அறுந்ததனைக் கணக்கினாலும் நூற்சான்றினாலும் மீட்டெடுக்க ஒரு பேரறிஞர் தம் வாணாளின் பெரும்பகுதியைச் செலவிட நேர்ந்தது.

அவ்வடிகள் பிறந்த அதே மட்டக்களப்பு நாட்டில், மற்றுமோர் இசைமரபு இத்தகைய நிலையை அணுகியுள்ளது. அது பறங்கியர் எனத் தமிழில் வழங்கப்பெறும் போர்த்துக்கேய வழிச் சமூகத்தாரின் இசை. வயலினும் கித்தாரும் மண்டலினும் றபானும் கூடி ஒலிக்கும் அவ்விசை, இந்நாட்டின் பைலாவுக்கு மூலங்களுள் ஒன்று. அதன் வரலாற்றையும், அது பதிவுபெற்ற வகையினையும், அப்பதிவில் இன்னும் எஞ்சியுள்ள குறையினையும் ஆராய்தல் தகும்.

போர்த்துக்கேயர் 1628ஆம் ஆண்டிற் புளியந்தீவிற் கோட்டை கட்டினர். 1638ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். ஆகவே மட்டக்களப்புக் கோட்டையிற் போர்த்துக்கேயர் கொடி பறந்தது பத்து ஆண்டுகளே. அவர்களை வென்ற ஒல்லாந்தரின் மொழி இங்கு எந்த வீட்டிலும் பேச்சுமொழியாய் நிலைக்கவில்லை. போர்த்துக்கேயக் கலப்புமொழியோ முந்நூற்றெண்பது ஆண்டுகளைக் கடந்தும் சில வீடுகளிற் பேசப்படுகின்றது. தோற்றவர் மொழி நிற்க வென்றவர் மொழி மறைந்தமை வியப்புக்குரியதே.

இவ்வியப்புக்கு விடை கோட்டையில் இல்லை, வீட்டிலே உள்ளது. ஒல்லாந்தர் வருவதற்கு முன்னரே ஆசியக் கடற்கரைப் பட்டினங்களில் எளிமையான போர்த்துக்கேயம் வணிகர்க்கும் மாலுமிகளுக்கும் பொதுமொழியாகிவிட்டது. ஒல்லாந்தக் கம்பெனியாரின் ஊழியர் பலர் இம்மொழி பேசிய பெண்களை மணந்தனர். பிள்ளைகள் தாயின் மொழியையே பேசினர். தாலாட்டும் விடுகதையும் பாட்டும் தாயின் மொழியிலேயே வந்தன. தமிழரிடையே வாழ்ந்தமையால் இம்மொழியின் நடை தமிழின் நடையைத் தழுவியது. சொல் போர்த்துக்கேயமாக இருப்பினும், வினை வாக்கியத்தின் இறுதியில் நிற்கும். வேற்றுமை உருபு பெயரின் பின்னே ஒட்டும். 1970களில் மட்டக்களப்பில் ஆராய்ந்த மொழியியலறிஞர் இயன் சிமித்து இதனை விரிவாக விளக்கியுள்ளார். கொடுத்தல் ஒருபக்கமாக மட்டும் நிகழவில்லை. கதிரை, மேசை, அலுமாரி, சப்பாத்து, வாங்கு, பாண் முதலான சொற்களின்றி மட்டக்களப்புத் தமிழர் வீட்டிலும் ஒருநாட் பேச்சு நடவாது.

இச்சமூகத்தார் பெரும்பாலோர் கைத்தொழிலாளர். தச்சு, கொல்லு, தோல்வேலை, இயந்திரம் பழுதுபார்த்தல் ஆகியவற்றிற் பெயர்பெற்றோர். கொழும்பிலிருந்த ஒல்லாந்தப் பறங்கியர் இவர்களை 'மெக்கானிக்' எனச் சற்றே தாழ்த்திக் குறித்த வழக்கினை, மானிடவியலறிஞர் தெனிசு மக்கில்வ்றே 1982ஆம் ஆண்டின் கட்டுரையொன்றில் ஆராய்ந்துள்ளார். ஏளனமாக வழங்கிய அச்சொல் இசை வரலாற்றுக்கு ஒரு குறிப்பைத் தருகின்றது. மரத்தையும் கம்பியையும் அறிந்த கைகள் நரம்புக் கருவிகளை ஏற்றதில் வியப்பில்லை.

பறங்கியர் இசை நானூறு ஆண்டுகளாக மாறாது நின்ற பழம்பொருள் எனச் சிலர் கூறுவர். அக்கூற்று ஆராய்ச்சிக்கு நில்லாது. ஆறு தனி நரம்புகளையுடைய இன்றைய கித்தார் 1800ஆம் ஆண்டையொட்டி உருப்பெற்றது. கோட்டை கட்டியவர் கையில் அக்கருவி இருந்திருக்க இயலாது. திருமண வீடுகளில் ஆடப்பெறும் லான்சர்சு என்னும் கூட்டாடல், பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தோடு வந்தது. றபான் இத்தீவின் கைப்பறை. காபிரிஞா என்னும் பெயரோ, போர்த்துக்கேயர் கப்பல்களில் வந்த ஆபிரிக்கரைக் குறித்த காபிரி என்னும் சொல்லடியாகப் பிறந்தது. அவ்வாபிரிக்கரின் வழித்தோன்றல்கள் இன்றும் புத்தளத்துச் சிறாம்பியடியில் வாழ்ந்து மஞ்சா என்னும் பாட்டினைப் பாடிவருகின்றனர். ஆகவே இவ்விசை ஒரே காலத்துப் பொருளன்று. வாவியின் அடித்தளத்தில் ஆண்டுதோறும் படியும் வண்டல் போன்று, வந்தவர் ஒவ்வொருவரும் விட்டுச் சென்றவற்றின் அடுக்கு.

இவ்வடுக்கில் மிகப் பழையது பாட்டின் யாப்பு. நான்கடிச் செய்யுளே அதன் உறுப்பு. ஒருவர் ஒரு செய்யுளைப் பாட, மற்றவர் அதற்கு விடையாக வேறொன்றைப் பாடுவர். செய்யுள்களுக்கு நிலையான வரிசை இல்லை. நினைவில் உள்ளவற்றை இடமறிந்து கோப்பவரே வல்லார் எனப்படுவார். மட்டக்களப்புத் தமிழரும் முசுலிம்களும் வயலிலும் வாவிக்கரையிலும் பாடிவந்த நாட்டுக்கவியை அறிந்தார்க்கு இம்முறை புதியதன்று. அங்கும் நான்கடி, அங்கும் வினாவும் விடையும்.

தாளம் தனிச்சிறப்புடையது. 1894ஆம் ஆண்டில் அரச ஆசியக் கழக இலங்கைக் கிளையின் இதழில் இலங்கை இசை பற்றி எழுதிய சா. மா. பெர்ணாண்டோ, சிக்கோத்தி, காபிரிஞா என இருவகையைக் குறித்தார். முன்னது மெல்ல நடப்பது. பின்னது துள்ளி விரைவது. காபிரிஞாவின் வட்டணையில் ஆறு சிற்றெண்ணிக்கைகள் உள்ளன. ஆறினை இரண்டு மூன்றுகளாகவும் பிரிக்கலாம். மூன்று இரண்டுகளாகவும் பிரிக்கலாம். ஒருவகைப் பிரிப்பின்மேல் மறுவகைப் பிரிப்பு குறுக்கிட்டு விழும்போது பிறக்கும் தள்ளாட்டமே கேட்போர் காலை எழுப்புகின்றது. காவற்றுறையிற் பணிபுரிந்த வொலி பாசுதியன் இத்தாளத்தைச் சிங்களப் பாட்டிற் பொருத்தி, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பைலாவை நாடறியச் செய்தார். 1970களில் ஏ. ஈ. மனோகரன் முதலானோர் தமிழிற் பாடிய துள்ளிசையிலும் அதன் சாயலைக் காணலாம். ஊற்றினை அறியாதாரும் ஆற்றில் நீராடினர்.

இனிப் பதிவின் வரலாற்றைக் காண்போம். முதலில் எழுத்தேறியவை சமயப் பாட்டுகளே. 1814ஆம் ஆண்டில் வெசுலியன் சபையார் இலங்கைக்கு வந்தனர். அவர்களுள் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பை அடைந்து மறு ஆண்டே காலமானார். அச்சபையைச் சார்ந்த இரொபேட்டு நியூசுதெட்டு இலங்கைப் போர்த்துக்கேயத்தில் ஞானப்பாட்டுகள் ஆக்கினார். 1826ஆம் ஆண்டிற் புதிய ஏற்பாடு அம்மொழியிற் கொழும்பில் அச்சேறியது. எனினும் மட்டக்களப்புப் பறங்கியர் பெரும்பாலோர் கத்தோலிக்கர். அவர்தம் ஆலய வழிபாடு இலத்தீனிலும், இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–1965) பின்னர் தமிழிலும் நிகழ்ந்தது. வீட்டுமொழிப் பாட்டுக்கு வீடும் திருமணப் பந்தலுமே புகலிடமாயின.

அவ்வீட்டுப் பாட்டினை ஏட்டில் ஏற்றியவர்களுள் இயூ நெவில் (மறைவு 1897) தலையாயவர். ஆங்கிலேய அரசின் குடிசார் சேவையாளராய் இருந்து ஏடுகள் திரட்டிய அவருடைய இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சுவடிகள் 1904ஆம் ஆண்டிற் பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்தன. அவற்றுள் ஒன்று மட்டக்களப்புப் பறங்கியரின் பாட்டுகளை உடையது. 1900ஆம் ஆண்டிற் கோவைநாட்டுக் குரு செபாசுத்தியான் தல்காதோ லிசுபனில் வெளியிட்ட ஆய்வுநூல் இம்மொழியின் இலக்கணத்தை எடுத்துரைத்தது. இவை யாவும் சொல்லின் பதிவுகள். வில் எவ்வாறு இழுபட்டது, கித்தாரின் நரம்பு எவ்வாறு தட்டப்பட்டது என்பன தாளில் ஏறவில்லை.

வாவியின் பாடும் மீனைப் பதிவுசெய்ய அமெரிக்க இயேசு சபைத் துறவியாகிய லாங் அடிகளார் 1954ஆம் ஆண்டிலேயே நீருள் ஒலிவாங்கியை இறக்கினார். கரையிற் பாடிய மனிதரின் இசையை ஆய்வாளர் முறையாக ஒலிப்பதிவு செய்வதற்கு மேலும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. அப்பணியை மேற்கொண்டவர் அமெரிக்கப் பேராசிரியர் கென்னத்து தேவிட்டு யாக்சன். அவர் நெவில் சுவடியை ஆராய்ந்து 1990ஆம் ஆண்டில் நூலாக்கினார். இலங்கையில் எடுத்த ஒலிப்பதிவுகள் 1998ஆம் ஆண்டிற் போர்த்துக்கலில் இசைத்தட்டாக வெளிவந்தன. 2015ஆம் ஆண்டு முதலாகச் சில ஆண்டுகள் லிசுபன் பல்கலைக்கழகத்து இயூகோ கார்தோசோவும், இசையியலறிஞர் மகேசு இராதாகிருட்டிணன் முதலிய அவர் குழுவினரும் பேச்சையும் பாட்டையும் ஆடலையும் ஒளி ஒலி வடிவிற் பதிந்து, அழியும் மொழிகளுக்கான காப்பகத்தில் வைத்தனர். இலண்டனில் இயங்கிய அக்காப்பகம் 2021ஆம் ஆண்டிற் பேர்லினுக்கு மாறியது.

இவ்விரு ஒலிப்பதிவுக் காலங்களுக்கும் இடையிலேதான் 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் அமைகின்றது. பறங்கியர் செறிந்து வாழ்ந்த டச்பார் என்னும் கடற்கரைக் குடியிருப்பை ஆழிப்பேரலை அன்று தாக்கியது. உயிர்கள் மாண்டன, வீடுகளும் வீட்டிலிருந்த கருவிகளும் சென்றன. எஞ்சியோரிற் பல குடும்பங்கள் பின்னர் பனிச்சையடியிற் குடியமர்ந்தன. போர்க்காலத்திற் பலர் அவுசுதிரேலியா முதலிய நாடுகளுக்குப் பெயர்ந்திருந்தனர். ஒருவர் மறைந்தபோது அவர் பாடிய செய்யுளை வேறொருவர் பாட இயலும். அவர் மட்டும் அறிந்த கைவழக்கு அவரோடு மறைந்தது.

இதனை வேறு நாட்டு வரலாறு ஒன்று தெளிவுறக் காட்டும். ஆங்கிலேயராகிய செசில் சார்ப்பு 1916 முதல் 1918 வரை அமெரிக்க அப்பலாச்சிய மலைநாட்டில் நாட்டுப்பாடல்களைத் திரட்டினார். பழைய ஆங்கிலக் கதைப்பாட்டுகளை நாடிய அவர், பாடலையும் மெட்டையும் தாளிற் குறித்தாரேயன்றி, மக்களின் ஞானப்பாட்டையும் கருவியிசையையும் பெரிதும் பொருட்படுத்தவில்லை. 1927ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் ராவ் பியர் என்பவர் தெனிசி மாநில எல்லையிலுள்ள பிரிசுதல் நகரிற் கார்ட்டர் குடும்பத்தாரின் பாட்டை இசைத்தட்டிற் பதிந்தார். மேபல் கார்ட்டர் பெருவிரலாற் கீழ்ச்சுருதி நரம்புகளில் மெட்டை வாசித்து, மற்றை விரலால் மேனரம்புகளைத் தடவிய முறை அவ்வாறே உலகறிந்தது. தட்டினைக் கேட்டே ஆயிரம் பேர் அதனைப் பயின்றனர். ஆயின் கெந்தக்கி மாநிலத்து ஆபிரிக்க அமெரிக்கராகிய ஆர்ணல்டு சுல்ட்சு என்னும் கித்தார் வல்லுநரை எவரும் பதியவில்லை. புளூகிராசு இசையின் தந்தை எனப்படும் பில் மன்றோ இளமையில் அவரோடு கூடி வாசித்தவர். சுல்ட்சு 1931ஆம் ஆண்டில் இறந்தார். அவர் விரலின் ஓசை பிறர் புகழுரையில் மட்டுமே எஞ்சியது. யாழ்ப்பாணருக்கு நேர்ந்தது அவருக்கும் நேர்ந்தது.

மட்டக்களப்பைப் பற்றி உள்ளூர் அறிஞர் நற்பணி புரிந்துள்ளனர். எப். எக்ஸ். சீ. நடராசா 1962ஆம் ஆண்டில் மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பித்தார். வீ. சீ. கந்தையா 1964ஆம் ஆண்டில் மட்டக்களப்புத் தமிழகத்தை எழுதினார். கூத்தும் கவியும் இன்று பல்கலைக்கழகப் பாடங்கள். ஆனால் பறங்கியர் இசை பற்றிய பெருநூல்கள் ஆங்கிலத்திலும் போர்த்துக்கேயத்திலுமே உள்ளன. அவ்விசையை வாழ்விப்போர் நாள்தோறும் பேசுவதோ தமிழ். அவர்தம் பிள்ளைகள் தமிழ் மொழிப் பாடசாலைகளிற் பயில்கின்றனர். தம் பாட்டனார் பாட்டைப் பற்றி அவர்கள் அறியவேண்டின் பிறமொழி நூலை நாடவேண்டியிருத்தல் தமிழ் கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் ஒரு பொறுப்பினைச் சுட்டுகின்றது.

அப்பொறுப்பு பெருஞ்செல்வம் வேண்டுவதன்று. பாடலின் சொல்லோடு, பாடியவர் அதனை யாரிடம் கற்றார், எந்த நிகழ்ச்சியிற் பாடினார், கருவி எவ்வாறு சுருதி சேர்க்கப்பட்டது, இடக்கை எவ்விடத்தில் அழுத்தியது, வலக்கை எவ்வாறு தட்டியது, ஆடலின் ஒழுங்கு யாது என்பனவற்றைத் தமிழில் எழுதிவைத்தல் வேண்டும். கைகளை அருகிலிருந்து ஒளிப்படமாக்குதல் வேண்டும். இவையனைத்தும் உரியவர் இசைவு பெற்றே நிகழ்தல் முறை. பதிவின் படியொன்று அவ்வீட்டிலேயே இருத்தலும் முறை. எல்லாவற்றிலும் மேலாக, வாசிக்கும் முதியவர் அருகில் வாசிக்க விரும்பும் சிறுவன் ஒருவன் அமர்தல் வேண்டும். காப்பகம் கையினைக் காட்டும். கையைப் பிடித்துப் பழக்காது.

யாழ் மறைந்த காலத்தில் அதனைப் பதிவதற்குக் கருவி இருந்ததில்லை. ஆகவே அன்றிருந்தோரைக் குறைகூற இடமில்லை. இன்று கருவி மாணவர் சட்டைப்பையிலேயே உள்ளது. பனிச்சையடியும் பேருந்து செல்லும் தொலைவிலேயே உள்ளது.