அம்புக்குறியும் ராப்பலகையும்

கோடை விடுமுறைக்கு ஊர் செல்லவிருந்த நாளொன்றின் மாலையில், தேவ்நார்க் குடியிருப்பின் மொட்டைமாடியில் எம் இளைய மகன் கைப்பேசியைக் கிடையாகப் பிடித்தபடி நின்றான். திரையில் ஒரு வட்டம். அதனுள் ஓர் அம்புக்குறி. கீழே ஓர் எண். சேருமிடமாகத் திருநெல்வேலியைக் குறித்திருந்தான். அம்பு தெற்கிலிருந்து சற்றே கிழக்காகச் சாய்ந்து டிராம்பே குன்றைச் சுட்டியது. தொலைவு ஏறத்தாழ 1,250 கிலோமீட்டர். “அப்பா, அந்தக் குன்றுக்கு நேர் பின்னால்தான் தாத்தா வீடு” என்றான். நகைத்தோம். தாதரில் நாம் ஏறும் வண்டியோ, முதலில் வடகிழக்கே கல்யாணை நோக்கியல்லவா ஓடுகிறது! அம்பு ஊரைக் காட்டும், வழியைக் காட்டாது.

இவ்வம்பின் பின்னே நிற்பது ஜி.பி.எஸ். எனும் அமெரிக்க இராணுவ ஏற்பாடு. அதன் முதற் செயற்கைக்கோள் 1978இல் ஏவப்பெற்றது. 1983இல் வழிதவறிச் சோவியத்து வான்வெளியுள் புகுந்த கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 உயிர்கள் மாண்ட பின்னரே, பொதுமக்களுக்கும் இது பயன்படும் என அந்நாட்டரசு அறிவித்தது. பொதுப் பயனுக்குரிய குறிகளில் வேண்டுமென்றே புகுத்தியிருந்த பிழை நீங்கியது 2000ஆம் ஆண்டு மே மாதத்தில். நம் நாடும் தன் வழிகாட்டு வரிசையின் முதற் கோளை 2013 ஜூலை 1 அன்று ஏவிற்று. மாலுமி எனும் பொருள்பட ‘நாவிக்’ என அதற்குப் பெயர் சூட்டப்பெற்றது 2016இல்.

ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுழலும் நான்கு கோள்களிலிருந்தேனும் வரும் குறிகளின் காலத்தை ஒப்பிட்டுக் கருவி தன் இடத்தைக் கணிக்கிறது. ஆயின் நின்ற இடத்தை அறியும் அது, நாம் எப்பக்கம் முகம் வைத்து நிற்கிறோம் என்பதைத் தானே அறியாது. சில அடி நடந்தால் அறியும். அன்றேல் கைப்பேசிக்குள் உள்ள காந்த உணர்வியின் துணையை நாடும். இவ்வளவு வானளந்த பின்னும் பழைய காந்த ஊசியின் தயவு தேவைப்படுவது நமக்கு வியப்பாகவே உள்ளது.

சேருமிடத்தைக் கருவியில் குறித்துவைத்துச் செல்லும் இம்முறை தமிழர்க்குப் புதியதா? அகநானூற்று 255ஆம் பாடலில் மதுரை மருதன் இளநாகனார் காட்டும் நீகான், மாடத்து விளக்கொளி கொண்டு திசையறிந்து கலத்தைச் செலுத்துகிறான். கரையின் ஒளி எட்டாத நடுக்கடலில் சோழமண்டலக் கரையோர்க்கு உதவியது ராப்பலகை. சிறு பலகையொன்று, அதன் நடுவே கோத்த கயிறு, கயிற்றில் முடிச்சுகள். ஒவ்வொரு முடிச்சும் ஒரு துறையின் அட்சரேகைக்கு உரியது. செல்ல வேண்டிய துறையின் முடிச்சைப் பல்லிடைக் கவ்விக் கயிற்றை விறைப்பாக நீட்டிப் பலகையைப் பிடிப்பான் தண்டல். கீழ்விளிம்பு அடிவானையும் மேல்விளிம்பு துருவ மீனையும் தொட்டால், அத்துறையின் அட்சரேகையை அடைந்தாயிற்று. பின்னர்க் கலத்தைக் கிழக்கே திருப்புவதா மேற்கே திருப்புவதா என்பதை முடிச்சு சொல்லாது. காற்றும் நீரோட்டமும் அறிந்த தண்டலே முடிவு செய்தல் வேண்டும்.

இக்கருவியைப் பற்றி நாம் இன்று அறிவதில் பெரும்பகுதி, காங்கிரீவ் எனும் ஆங்கிலேயப் படையதிகாரி 1850இல் சென்னை ஆய்விதழொன்றில் எழுதிய கட்டுரையால் வந்தது. நம்மவர் கைப்பழக்கத்தை அயலார் ஏட்டில் தேட வேண்டிய நிலை. அக்குறையை நம் காலத்தில் ஓரளவு தீர்த்தவர் இந்நகரத்தவரே என்பதில் நமக்குப் பெருமையுண்டு. மும்பைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் கற்பித்த பேராசிரியர் பி. அருணாசலம், சோழர் கடற்செலவு முறைகளை ஆராய்ந்து 2004இல் நூலாக்கினார்.

எழுதப்பெறாதவை இன்னும் உள. குமரிக் கரையோர் ‘கணியம்’ என வழங்கும் முறை அவற்றுள் ஒன்று. கரையில் மலைமுகடும் கோயிற் கோபுரமும் ஒரே கோட்டில் வர வேண்டும். வேறொரு புறத்தில் இன்னும் இரண்டு அடையாளங்கள் அவ்வாறே பொருந்த வேண்டும். கோடுகள் கூடும் இடத்தில், நீருக்கடியில் மீன் பயிலும் பார் கிடக்கும். இன்று அப்பார்களின் இருப்பிடம் படகிலுள்ள கருவியில் எண்களாய் நிற்கிறது. அதைக் குறைகூறோம். உயிரைக் கடலிற் பணயம் வைப்போரிடம் பழமையைக் காக்குமாறு சொல்ல, கோப்புகளுக்கிடையே அமர்ந்திருக்கும் நமக்கு என்ன உரிமை? எனினும் நம் சங்கத்தில் குமரி, தூத்துக்குடிக் கரையினர் உளர். ஊர் செல்கையில் முதியோரிடம் கேட்டு, எந்தப் பாருக்கு எந்த மலை, எந்தக் கோபுரம் என்று குறித்து வரலாம். முதியோர் மறைந்த பின் கேட்பதற்கு ஆளில்லை.

இவற்றையெல்லாம் மகனுக்குச் சொன்னபோது அவன் அட்டையும் நூலும் கொணர்ந்தான். 10 சென்டிமீட்டர் உயர அட்டைக்குத் தேவ்நாரின் முடிச்சு ஏறத்தாழ 30 சென்டிமீட்டரில் விழுந்தது. நெல்லையின் முடிச்சு 65இல். தெற்கே செல்லச் செல்லத் துருவ மீன் தாழ்வதால் கயிறு நீள்கிறது. அடுக்குமாடிகள் அடிவானை மறைத்தமையால் எதிர்ச்சுவரின் விளிம்பையே அடிவானாகக் கொண்டோம். தேவ்நார் முடிச்சைக் கவ்வி அட்டையை அவனே பிடித்தான். நெல்லை முடிச்சுக்கு அவன் கை எட்டவில்லை. அவன் நூலைக் கவ்விக்கொள்ள, அட்டையை நாம் பிடித்தோம்.