ஈவ் டீசிங்: ஒரு சொல்லும் ஒரு சட்டமும்

'ஈவ் டீசிங்' என்பது இந்தியாவில் உருவாகி, 1960களிலேயே இங்குள்ள ஆங்கில நாளிதழ்களில் புழங்கிய சொல். 'ஈவ்' என்றால் ஏவாள்; ஆதாமைக் கனி உண்ணத் தூண்டியவளாக பைபிளில் வருபவள். 'டீஸ்' என்றால் விளையாட்டாகச் சீண்டுவது. பெண்ணைத் தூண்டுபவளாகவும் ஆணை விளையாட்டுப் பிள்ளையாகவும் காட்டும் இந்தச் சொல், விசிலடிப்பது, பின்தொடர்வது, பேருந்து நெரிசலில் வேண்டுமென்றே இடிப்பது, கையைப் பிடித்து இழுப்பது எல்லாவற்றையும் மூடி மறைத்தது. தமிழில் அது 'கேலி, கிண்டல்' ஆனது. 'வயசுப் பசங்க அப்படித்தான்' என்று வீட்டுப் பெரியவர்களே சொன்னார்கள்; பாதை மாற்றிப் போக வேண்டியவள் பெண்தான்.

1998 ஜூலையில் சென்னைத் தெருவொன்றில், ஆட்டோவில் வந்த இளைஞர்களின் 'கேலி'யில் கீழே விழுந்த கல்லூரி மாணவி உயிரிழந்தார். தமிழ்நாடு அரசு உடனே அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அவ்வாண்டே அது ஈவ் டீசிங் தடைச் சட்டமாயிற்று. கோயில், பேருந்து நிறுத்தம், திரையரங்கு, கடற்கரை, திருவிழா நடக்கும் இடம் என்று பெண்கள் அன்றாடம் அஞ்சிய இடங்களைச் சட்டமே பெயர் சொல்லி அடுக்கியது. தண்டனை ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஓடும் பேருந்தில் ஒரு பெண் புகார் சொன்னால், ஓட்டுநரும் நடத்துநரும் வண்டியை அப்படியே அருகிலுள்ள காவல் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். முன்பெல்லாம் அவள்தான் பாதி வழியில் இறங்கிப் போவாள்.

2002இல் சட்டத்தின் தலைப்பிலிருந்து 'ஈவ் டீசிங்' நீக்கப்பட்டு, பெண்ணுக்குத் தொல்லை தருதல் என்ற நேரான பொருளுள்ள சொல் வந்தது. மிகச் சரியான திருத்தம் அது.

1999இல் தென்காசிப் பேருந்து நிலையத்தில், கணவருடன் நின்ற பெண்ணிடம் தவறாக நடந்ததாகப் பணிநீக்கம் செய்யப்பட்ட காவலர் ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2012 நவம்பர் 30 அன்று பணிநீக்கத்தை உறுதிசெய்த நீதிமன்றம், ஈவ் டீசிங் என்பது குற்றத்தை மென்மையாக்கிச் சொல்லும் சொல் என்றது. இதற்கெனத் தனிச் சட்டம் வைத்திருப்பது தமிழ்நாடு மட்டுமே என்றும் குறிப்பிட்டது. பேருந்து நிலையங்களிலும் கடற்கரைகளிலும் சாதாரண உடையில் பெண் காவலர்களை நிறுத்த உத்தரவிட்டது.

2025இல் தமிழ்நாட்டுச் சட்டத்தின் தண்டனை ஐந்தாண்டு வரை உயர்ந்தது. நாளிதழ்கள் இப்போது 'பாலியல் சீண்டல்' என்று எழுதுகின்றன. பழைய 'டீசிங்' அந்தச் சீண்டலுக்குள் இன்னும் இருக்கிறது. 'பாலியல் தொல்லை' என்றே எழுதலாம்.