அமெரிக்கக் கடற்படையில் தகவல் தொழில்நுட்பப் பணி

அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களின் கணினி வலையமைப்பு, வானொலி, செயற்கைக்கோள் தொடர்பு, மறைகுறிக் கருவிகள் ஆகியவற்றைக் கவனிக்கும் மாலுமிகளின் தொழிற்பிரிவு ‘இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் டெக்னீசியன்’. சுருக்கமாக ஐ.டி. இந்தப் பெயர் 1999-இல்தான் வந்தது. பணியோ கணினிக்கு மூத்தது.

1899-இல் மார்க்கோனி தம் கம்பியில்லாத் தந்தியை ‘நியூயார்க்’, ‘மாசசூசெட்ஸ்’ போர்க்கப்பல்களில் இயக்கிக் காட்டினார். அவர் விதித்த நிபந்தனைகள் பிடிக்காமல், கடற்படை பின்னர் ஜெர்மனியின் சிலாபி-ஆர்கோ கருவிகளை வாங்கியது. அவற்றை இயக்கும் வேலை முதலில் கப்பலின் மின்பணியாளர்களிடமே இருந்தது. ‘ரேடியோமேன்’ என்ற தனிப்பிரிவு 1921-இல் உருவானது. அதன் சின்னமான நான்கு மின்னல் கீற்றுகளை ஐ.டி. மாலுமிகள் இன்றும் சட்டைக் கையில் அணிகிறார்கள்.

செய்தி அனுப்புவதோடு பகைவர் செய்தியை ஒட்டுக்கேட்பதும் இவர்கள் வேலையாயிற்று. 1928 முதல் 1941 வரை வாஷிங்டனில் கடற்படைத் தலைமையகத்தின் மொட்டை மாடியில் கட்டிய ஓர் அறையில், ஜப்பானிய கானா எழுத்துகளுக்கான மோர்ஸ் குறியை 176 பேர் பயின்றனர். இவர்களில் மரைன் படையினரும் உண்டு. ‘கூரைக் கூட்டம்’ என்றே பெயர் நிலைத்தது.

கணினி வேறு வழியாக உள்ளே வந்தது. கணிதப் பேராசிரியை கிரேஸ் ஹாப்பர் 1943-இல் கடற்படையின் மகளிர் பிரிவில் சேர்ந்து, அடுத்த ஆண்டு ஹார்வர்டில் மார்க் 1 கணினிக்கு நிரல் எழுதினார். 1986-இல் ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 79. மாலுமிகளிடையே, துளையட்டைப் பொறிகளில் கணக்கு பார்த்தவர்களின் பிரிவு ‘டேட்டா பிராசஸிங் டெக்னீசியன்’ என வளர்ந்தது. 1990-களின் இறுதியில் அது ரேடியோமேனுடன் இணைக்கப்பட்டது, ஐ.டி. பிரிவு பிறந்தது இப்படித்தான்.

இப்பணியின் வரலாற்றில் பெருங்கறை ஜான் வாக்கர். ரேடியோமேனாக இருந்து வாரண்ட் அதிகாரியாக உயர்ந்த அவர், 1960-களின் இறுதியில் தாமே சோவியத் தூதரகத்துக்குள் நடந்துபோய், மறைகுறிப் பொறிகளின் சாவிப் பட்டியல்களை விற்கத் தொடங்கினார். 1968 ஜனவரியில் வடகொரியா ‘பியூப்ளோ’ உளவுக்கப்பலைப் பிடித்தபோது பொறிகள் சிலவும் சிக்கியிருந்தன. பொறி மட்டும் இருந்து பயனில்லை, அன்றன்றைய சாவி வேண்டும்; வாக்கர் விற்றது அதைத்தான். ஓய்வுக்குப் பின்னும் ஜெரி விட்வொர்த் என்ற ரேடியோமேன், அண்ணன், சொந்த மகன் ஆகியோரைக் கொண்டு தொழிலை நடத்தி, 1985-இல் பிடிபட்டார். வாக்கருக்கு ஆயுள் தண்டனை, விட்வொர்த்துக்கு 365 ஆண்டு. மிக இரகசியமான சாவிகளை யாரும் தனியாகக் கையாளக் கூடாது, இருவர் உடனிருக்க வேண்டும் என்ற விதி இதன் பின்னரே கடுமையாக்கப்பட்டது.

2016 செப்டம்பரில் கடற்படை எல்லாத் தொழிற்பெயர்களையும் ஒழித்து, மாலுமிகளைப் படிநிலையால் மட்டும் அழைக்க முயன்றது. எதிர்ப்பு அலையாக எழுந்ததால் டிசம்பரிலேயே பின்வாங்கியது. தேவையற்ற முயற்சி அது.

இன்று பயிற்சி ஃபுளோரிடா மாநிலத்து பென்சகோலாவின் கோரி நிலையத்தில் நடக்கிறது. பின்னணி விசாரணையில் தேறாதவர்கள் இப்பணியில் சேர முடியாது. வலையமைப்பைத் தாக்கவும் காக்கவும் தேர்ந்தவர்களுக்கு ‘சைபர் வார்ஃபேர் டெக்னீசியன்’ என்ற தனிப்பிரிவு 2023-இல் வந்தது. கப்பலின் அன்றாட வலையமைப்பும் செய்திப் போக்குவரத்தும் ஐ.டி. வசமே இருக்கின்றன.